சீசாவில் அடைத்த நாய்க்குடை

மழை பெய்த மறுநாள் காலையில் கொல்லைப்புறத்தில் குடை விரித்து நிற்குமே, நாய்க்குடை, அதைக் குழந்தைகள் தொடப் போனால் நம் பாட்டிமார்கள் என்ன கூச்சல் போடுவார்கள்! "தொடாதேடா, விஷம்!" என்று கையைத் தட்டிவிட்டு, கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் அலம்பிவிட்டுத்தான் மறுகாரியம் பார்ப்பார்கள். அந்த நாய்க்குடையின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இன்றைக்கு அழகான சீசாக்களில், பளபளக்கும் லேபிளுடன், ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் விலை போகிறார்கள். ஞாபகசக்திக்கு ஒரு காளான், தூக்கத்துக்கு ஒரு காளான், களைப்புக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கலந்து ஒரு சீசா வேறு.

சென்ற மாதம் கோவையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மாமியாருக்கு 68 வயது. ஆறேழு மாதமாக மறதி. சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போடுகிறாராம். பால்காரருக்குப் பணம் கொடுத்தாயிற்றா என்று ஒரே நாளில் நாலு தடவை கேட்கிறாராம். ஒரு வெள்ளிக்கிழமை காஸ் அடுப்பை அணைக்காமலே கோவிலுக்குக் கிளம்பிவிட்டாராம். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் விஷயத்தைக் கேள்விப்பட்டு இரண்டு சீசா அனுப்பியிருக்கிறார். ஒன்றில் 'சிங்கப் பிடரிக் காளான்' மாத்திரை. மற்றொன்றில் குடலுக்கு நல்லது என்று ஒரு வெள்ளைப் பொடி. "இவற்றை அத்தைக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால், டாக்டரிடம் போவதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில் நீளமானது. இரண்டாவது கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தை: கூடாது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். வயதானவர்களுக்கு மறதி வந்தால் நாம் உடனே "வயசாச்சு, அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் எல்லா மறதியும் மூளை தேய்ந்து வருகிற மறதி அல்ல. பி12 என்ற வைட்டமின் குறைந்தால் மறதி வரும். பரம்பரையாக மரக்கறி சாப்பிடும் வீடுகளில் இந்தக் குறை நிரம்ப உண்டு. சர்க்கரை வியாதிக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் வரும். தைராய்டு சுரப்பி மந்தமானால் மறதி வரும். தூக்க மாத்திரையால் வரும். மனச்சோர்வு மறதி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும். காது சரியாகக் கேட்காமல் போனாலே மறதி மாதிரித் தோன்றும். வயதான பெண்மணிகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் கிருமி பிடித்தால்கூடத் திடீரென்று புத்தி தடுமாறும். இவற்றில் முக்கால்வாசியை ஒரு ரத்தப் பரிசோதனையும், பொறுமையாகக் கேட்கும் ஒரு டாக்டரும் கண்டுபிடித்துவிடலாம், வைத்தியமும் உண்டு. ஆனால் பி12 குறைவை நீண்டகாலம் கவனிக்காமல் விட்டால் நரம்புக்கு ஏற்படும் சேதம் பிற்பாடு முழுக்கத் திரும்பாமலே போய்விடக் கூடும். காளான் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "பலன் தெரிகிறதா பார்ப்போம்" என்று ஆறு மாதம் காத்திருப்பதில் நஷ்டம் மாத்திரையின் விலை மட்டும் அல்ல, அந்த ஆறு மாதமும்தான்.

ஆகவே, முதலில் டாக்டர். இப்போது சீசாவுக்கு வருவோம்.

சிங்கப் பிடரிக் காளானைப் படத்தில் பார்த்திருக்கிறீர்களா? குடையும் இல்லை, காம்பும் இல்லை. வெள்ளை வெளேரென்று இழை இழையாகத் தொங்கும் ஒரு பந்து. மரத்தின் பட்டையில் ஒட்டிக்கொண்டு வளரும். ஜப்பானியர்கள் இதற்கு 'யமபுஷிதாகே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யமபுஷி என்பவர்கள் மலையில் தவம் செய்யும் சந்நியாசிகள். அவர்கள் மார்பில் அணியும் பட்டையில் பஞ்சுப் பந்துகள் தொங்கும். அதைப்போல இருப்பதால் இந்தப் பெயர். சீனாவிலும் ஜப்பானிலும் இதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

இந்தக் காளானுக்கும் மூளைக்கும் எப்படிச் சம்பந்தம் ஏற்பட்டது என்ற கதையை ஒரு பெண்மணியிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். இத்தாலியில் டூரின் நகரத்தில் 1909-ல் பிறந்த ரீட்டா லெவி-மொண்டால்சினி. பெண் காலேஜில் படித்தால் நல்ல மனைவியாகவும் தாயாகவும் இருக்க முடியாது என்பது தகப்பனாரின் அபிப்பிராயம். (தகப்பனார்கள் எல்லாத் தேசத்திலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.) அவரோடு மன்றாடிச் சம்மதம் வாங்கி, வைத்தியம் படித்து, 1936-ல் பட்டம் பெற்றார். இரண்டே வருஷத்தில் முசோலினியின் சர்க்கார் யூதர்களைச் சர்வகலாசாலைகளிலிருந்து விரட்டும் சட்டம் கொண்டுவந்தது. ரீட்டா யூதக் குடும்பத்துப் பெண். வேலை போயிற்று.

அவர் என்ன செய்தார் தெரியுமா? தம்முடைய படுக்கையறையையே ஆராய்ச்சிசாலை ஆக்கிவிட்டார். கோழி முட்டைக்குள் வளரும் கருவில் நரம்புகள் எப்படிக் கிளைவிடுகின்றன என்று பார்க்க வேண்டும். அதற்கு நுட்பமான கத்திகள் வேண்டும். யார் கொடுப்பார்கள்? தையல் ஊசிகளைத் தீட்டித் தீட்டி அவரே கத்தி செய்துகொண்டார். நகரத்தில் குண்டு விழ ஆரம்பித்ததும் முட்டையும் மைக்ராஸ்கோப்புமாகக் கிராமத்து வீட்டுக்கு ஜாகை மாறி, அங்கேயும் அதே வேலை. யுத்தம் முடிந்து 1947-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்துக்கு அழைப்பு வந்தது. அங்கே 1950-களில், நரம்புகளை வளரத் தூண்டும் ஒரு வஸ்து உடலில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஸ்டான்லி கோஹன் என்ற ரசாயன நிபுணர் அதைப் பிரித்தெடுத்தார். 'நரம்பு வளர்ச்சிக் காரணி' என்று அதற்குப் பெயர். 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அம்மையார் 103 வயது வரை வாழ்ந்து 2012-ல் காலமானார்.

மூளை நரம்புகள் வாடும் வியாதிகளுக்கு இந்த வஸ்துவையே கொடுத்துவிட்டால் என்ன என்றுதான் எவருக்கும் தோன்றும். அங்கேதான் சிக்கல். இது பெரிய புரதம். வாயால் சாப்பிட்டால் பருப்பும் பாலும் போலவே ஜீரணமாகிவிடும். ஊசியில் ஏற்றினாலும் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் காவல் அதை உள்ளே விடாது. அதனால், உடலே இந்த வஸ்துவை அதிகமாக உற்பத்தி செய்யும்படி தூண்டக்கூடிய சின்னஞ்சிறு மூலக்கூறுகள் எங்காவது கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தார்கள். ஜப்பானில் ஹிரோகாஸு கவாகிஷி என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் சிங்கப் பிடரிக் காளானிலிருந்து 'ஹெரிசெனோன்' என்ற பொருள்களை 1991-ல் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த செல்களின் மீது அவற்றைப் போட்டபோது, செல்கள் நரம்பு வளர்ச்சிக் காரணியை அதிகமாகச் சுரந்தன. காளானுக்கு அடியில் பரவும் நூல் போன்ற பூசண இழைகளில் 'எரினசின்' என்று இன்னொரு வகையும் 1994-ல் கிடைத்தது. மூளைக்குக் காளான் என்ற விளம்பரங்களுக்கெல்லாம் மூலஸ்தானம் இதுதான்.

கண்ணாடிக் கிண்ணம் வேறு, மனிதர் வேறு அல்லவா? மனிதர்களிடம் பார்த்த பரீட்சைகளில் பிரபலமானது 2009-ல் ஜப்பானில் வெளிவந்தது. 50 முதல் 80 வயது வரையிலான 30 பேர், லேசான மறதி உள்ளவர்கள். பாதிப் பேருக்குக் காளான் மாத்திரை. பாதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, கொடுக்கிறவர்களுக்கும் தெரியாது. 16 வாரம் கொடுத்தார்கள். ஞாபகப் பரீட்சையில் காளான் சாப்பிட்டவர்கள் அதிக மார்க் வாங்கினார்கள். ஆகா என்று இருக்கிறதல்லவா? அதே அறிக்கையில் அடுத்த வரி, லேபிளில் அச்சிடப்படாத வரி, ஒன்று உண்டு: மாத்திரையை நிறுத்தி நாலு வாரத்தில் மார்க் மறுபடி இறங்க ஆரம்பித்துவிட்டது.

முப்பதே பேர். அதிலும் காளான் சாப்பிட்டவர்கள் பதினைந்து பேர்தான். ஒரு கல்யாண வீட்டில் ஒரு பந்திக்குக்கூடக் காணாது. அவர்கள் சாப்பிட்ட அளவையும் கவனியுங்கள். ஒரு வேளைக்கு நாலு மாத்திரை வீதம் மூன்று வேளை. தினம் சுமார் 3 கிராம் காளான் பொடி. கடையில் கிடைக்கும் மாத்திரையில் அரை கிராம் இருக்கும். 'தினம் ஒன்று அல்லது இரண்டு' என்று போட்டிருக்கும். ஜப்பானியர்கள் சாப்பிட்டதில் ஆறில் ஒரு பங்கோ, மூன்றில் ஒரு பங்கோதான். அவர்களுடைய பலனை மட்டும் முழுசாக லேபிளில் எழுதிவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் நார்த்தம்ப்ரியா சர்வகலாசாலையில் 41 ஆரோக்கியமான இளவயதினருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2023-ல் வெளியாயிற்று. முதல் வேளை சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் ஒரு சோதனையில் சற்று வேகமாக விடை சொன்னார்கள். 28 நாள் தொடர்ந்து சாப்பிட்டதில் மனக்கவலை சற்றுக் குறைந்தது போலத் தெரிந்தது, ஆனால் நிச்சயமாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. மற்றச் சோதனைகள் பலவற்றில் வித்தியாசமே காணோம். ஆக, இந்தக் காளான் ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆராய வேண்டிய சரக்குத்தான். ஆனால் 68 வயது அம்மாளின் மறதிக்கு மருந்து என்று சொல்லும் நிலைமைக்கு அது இன்னும் வரவில்லை.

இனிக் குடல் சமாசாரம். காளான் சீசாக்காரர்கள் எல்லாரும் 'பீட்டா குளூக்கன்' என்ற பெயரை மந்திரம் மாதிரி உச்சரிக்கிறார்கள். அது ஒன்றும் அபூர்வ வஸ்து அல்ல. சர்க்கரை மணிகளைக் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசியில் இருக்கும் மாவுச்சத்தும் அதே மணிகளைக் கோத்த மாலைதான். முடிச்சுத்தான் வேறு. மாவுச்சத்தின் முடிச்சை நம் ஜீரண ரசங்கள் அவிழ்த்துவிடும். பீட்டா குளூக்கனின் முடிச்சு அவற்றுக்கு அவிழாது. ஆகவே அது அப்படியே பெருங்குடல் வரை போய்ச் சேருகிறது.

ஓட்ஸிலும் பார்லியிலும் பீட்டா குளூக்கன் உண்டு. அது தண்ணீரில் கொழகொழவென்று கரைந்து, பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறது; அவற்றை ஈடுசெய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துச் செலவழிக்கிறது. தினம் 3 கிராம் சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் குறையும் என்பதை ஒப்புக்கொண்டு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-ல் ஓட்ஸ் டப்பாவில் அதை எழுத அனுமதித்தது. காளானின் பீட்டா குளூக்கனுக்கு முடிச்சு வேறு விதம். பெரும்பகுதி தண்ணீரில் கரையாது. ஓட்ஸ் வாங்கிய மார்க்கைக் காளான் தன் சிலேட்டில் எழுதிக்கொள்வது நியாயமா?

காளானின் பீட்டா குளூக்கனுக்கு உள்ள தனிப் பெருமை வேறு. நம் ரத்தத்தில் ரோந்து சுற்றும் வெள்ளை அணுக்களில் சிலவற்றின் மேல் 'டெக்டின்-1' என்று ஒரு பூட்டு இருக்கிறது. இந்த மாலை அதில் சாவி போலப் பொருந்தும். இது 2001-ல் கண்டுபிடிக்கப்பட்டது. எதற்காக அந்தப் பூட்டு? பூசணங்கள் நம்மைத் தாக்கினால் அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்காக. ஜப்பானில் வான்கோழி வால் காளானிலிருந்து 'கிரெஸ்டின்' என்ற மருந்தை எடுத்து, புற்றுநோய்க்காரர்களுக்கு மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வயிற்றில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 262 பேரை வைத்து நடத்திய பரீட்சை 1994-ல் வெளிவந்தது. வழக்கமான மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் ஐந்து வருஷத்துக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 60. அதோடு கிரெஸ்டினும் சாப்பிட்டவர்களில் 73. கவனியுங்கள்: ஆபரேஷனுக்குப் பிறகு, மருந்தோடு சேர்த்து. அவற்றுக்குப் பதிலாக அல்ல. அந்த மருந்து மருந்துக் கம்பெனியில் அளந்து தயாரித்த சரக்கு. சீசாவிலுள்ள காளான் பொடி அதுவல்ல. காலக்கிரமத்தில் அந்த மருந்தே ஜப்பானில் விற்பனையிலிருந்து விலகிவிட்டது.

பெருங்குடலுக்குப் போன நார் அங்கே என்ன ஆகிறது? அங்கே ஒரு ஜனசமுத்திரமே காத்துக்கொண்டிருக்கிறது. நம் உடம்பில் நம்முடைய செல்களைப் போலப் பத்து மடங்கு கிருமிகள் இருப்பதாக வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இஸ்ரேலில் வைஸ்மன் விஞ்ஞான ஸ்தாபனத்தார் 2016-ல் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கிருமிகள் சுமார் 38 லட்சம் கோடி. நம்முடைய செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. கிட்டத்தட்டச் சரிபாதி. எல்லாக் கிருமிகளையும் தராசில் நிறுத்தால் கால் கிலோகூட வராது. இந்தக் கிருமிகள் நாரைப் புளிக்க வைத்து 'பியூட்டிரேட்' முதலான அமிலங்களைச் செய்கின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்குப் பிரதான ஆகாரம் அந்தப் பியூட்டிரேட்தான். கிருமிக்கு நாம் சோறு போடுகிறோம், கிருமி நம் குடலுக்குச் சோறு போடுகிறது.

இப்படிக் கிருமிக்குத் தீனியாகும் நாருக்கு 'பிரிபயாடிக்' என்று 1995-ல் இரண்டு விஞ்ஞானிகள் பெயர் சூட்டினார்கள். காளான் மாத்திரையும் பிரிபயாடிக் என்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அரை கிராம் மாத்திரையில் பாதி நார் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் கால் கிராம். ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 6 கிராம் நார். அதற்கு ஈடாக 24 மாத்திரை விழுங்க வேண்டும்! நாளொன்றுக்கு நமக்கு வேண்டிய நார் 25 முதல் 30 கிராம். இதில் மாத்திரையின் கால் கிராம் எந்த மூலைக்கு?

கோவைச் சகோதரிக்கு வந்த வெள்ளைப் பொடி இன்யூலின். கடிதத்தோடு லேபிளின் படத்தையும் வைத்திருந்தார். இன்யூலினை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? சிக்கரிக் கிழங்கிலிருந்து! ஆமாம், நம் காப்பிப் பொடியில் கலக்கிறோமே, அதே சிக்கரிதான். காப்பிக்காக வறுக்கும்போது அதிலுள்ள இன்யூலினில் ஒரு பங்கு சிதைந்துவிடும். மேலும், ஒரு டம்ளர் டிகாக்ஷனில் போகும் சிக்கரி எவ்வளவு இருந்துவிடப் போகிறது? ஆகையால் சிக்கரி அதிகமாகப் போட்ட காப்பியைக் குடல் மருந்து என்று சொல்லி யாரும் இரண்டாம் டோஸ் கேட்க வேண்டாம்.

இந்தப் பொடிக்கு உண்மையான பலன் ஒன்று உண்டு. தினம் 12 கிராம் சாப்பிட்டால் மலச்சிக்கல் குறையும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் ஒப்புக்கொண்டது. ஆனால் எடுத்த எடுப்பில் 12 கிராமைக் கரைத்துக் குடித்தால், கிருமிகளுக்குக் கொண்டாட்டம், நமக்குத் திண்டாட்டம். வயிறு உப்பும், இரையும், நாலு பேர் நடுவில் சங்கடமாகும். இரண்டு மூன்று கிராமில் ஆரம்பித்து வாரா வாரம் ஏற்ற வேண்டும். சிலருக்குக் குடல் சுபாவமே நுட்பமானது. அடிக்கடி வலி, உப்புசம், ஒரு நாள் பேதி, ஒரு நாள் கட்டு என்று படுத்தும். மெல்போர்னில் மோனாஷ் சர்வகலாசாலையில் இத்தகையவர்களை ஆராய்ந்தவர்கள், சீக்கிரம் புளித்து வாயுவை உண்டாக்கும் உணவுகளுக்கு ஒரு ஜாபிதா போட்டிருக்கிறார்கள். வெங்காயம், பூண்டு, இன்யூலின் எல்லாம் அதில் முன்வரிசை. சில காளான்களும் உண்டு. அவர்களுக்கு இந்தக் 'குடல் நலப் பொடி' குடலுக்கு நலமே அல்ல. மலச்சிக்கலுக்கு மலிவான வழி வேண்டுமென்றால், குஜராத்தில் விளையும் இசப்கோல் உமி இருக்கிறது. வாயு தொந்தரவும் குறைவு. தாராளமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உயிருள்ள கிருமிகளையே விழுங்கும் 'புரோபயாடிக்' மாத்திரைகளும் இப்போது மலிந்திருக்கின்றன. இந்த யோசனையின் பிதாமகர் மெச்னிகாஃப் என்ற ருஷ்ய விஞ்ஞானி. பாரிஸில் பாஸ்டர் ஸ்தாபனத்தில் வேலை பார்த்தவர்; 1908-ல் நோபல் பரிசு பெற்றவர். பல்கேரியக் குடியானவர்கள் புளித்த பால் சாப்பிட்டே நீண்டநாள் வாழ்கிறார்கள் என்று நம்பி, தாமும் தினம் புளித்த பால் குடித்தார். 71-ம் வயதில் காலமானார். கிருமிகளில் எந்த ரகம், எந்த வியாதிக்கு என்று பார்த்துத்தான் பேச வேண்டும். ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிடும் குழந்தைகளுக்கு வரும் பேதியைச் சில ரகங்கள் தடுப்பது நிரூபணமான விஷயம். ஆனால் வைஸ்மன் ஸ்தாபனத்தார் 2018-ல் வெளியிட்ட சிறிய ஆராய்ச்சி ஒன்றில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குச் சொந்தக் கிருமிகள் திரும்பிவர, ஒன்றுமே சாப்பிடாதவர்களைக் காட்டிலும் அதிக நாள் பிடித்தது.

உணவாகச் சாப்பிட்டால்? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் 36 பேரை இரண்டு கோஷ்டியாகப் பிரித்து, ஒரு கோஷ்டிக்கு நார் நிறைந்த உணவு, மற்றதற்குத் தயிர் போன்ற புளித்த உணவுகள் என்று 10 வாரம் கொடுத்தார்கள். முடிவு 2021-ல் வந்தது. புளித்த உணவு சாப்பிட்டவர்களுக்குக் குடல் கிருமிகளின் வகைகள் பெருகின. அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் ரத்தத்தில் குறைந்தன. "எங்கள் வீட்டில் தினம் இட்லிதானே!" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. இட்லி மாவைப் பொங்க வைக்கும் கிருமிகள் மெய்தான். ஆனால் கொப்பரையில் பத்து நிமிஷம் ஆவியில் வேகும்போது அத்தனையும் சிவலோகம் சேர்ந்துவிடுகின்றன. மோர்க்குழம்பு கதையும் அதுவே. கொதிக்க வைக்காத தயிரும் மோரும்தான் இந்தக் கணக்கில் சேரும்.

சீசா ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது, தூக்கி எறிய மனசில்லை என்பவர்களுக்குச் சில விஷயங்கள். லேபிளில் 'பாலிசாக்கரைடு இத்தனை சதவீதம்' என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அரிசி மாவும் பாலிசாக்கரைடுதான். பீட்டா குளூக்கன் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். சில கம்பெனிகள் தானியத்தின் மேல் பூசண இழையை வளர்த்து, தானியத்தையும் சேர்த்தே அரைத்துவிடுகின்றன. வீட்டிலேயே ஒரு பரீட்சை செய்யலாம். ஒரு மாத்திரையைப் பிரித்துப் பொடியை வெந்நீரில் கலக்கி, ஆறவிட்டு, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தில் இரண்டு சொட்டு விடுங்கள். மைக்கூடு கவிழ்ந்தது போல் கருநீலமானால், அதில் மாவு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். (பிறகு ஜாக்கிரதையாகக் கொட்டிவிட வேண்டும். குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது.) அமெரிக்கச் சந்தையில் ரெய்ஷி என்ற காளானின் பெயரால் விற்ற 19 சரக்குகளைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். ரெய்ஷிதான் என்று உறுதிப்பட்டவை ஐந்தே ஐந்து. நம் தேசத்துச் சட்டப்படி இத்தகைய சீசாக்களில் 'மருத்துவ உபயோகத்துக்கு அல்ல' என்ற வாசகம் இருந்தாக வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

சில பேர் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் ரெய்ஷியை ஒதுக்க வேண்டும், ரத்தக்கசிவு வரக்கூடும். மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்கள் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்க மருந்து சாப்பிடுகிறார்கள். அதைத் தூண்டுவதாகச் சொல்லும் காளான் அவர்களுக்கு எதற்கு? 'சாகா' என்று ஒரு காளான். அதில் ஆக்ஸலேட் மிகுதி. ஜப்பானில் 72 வயதுப் பெண்மணி ஒருவர், கல்லீரலில் புற்றுநோய் உள்ளவர், அந்தப் பொடியைத் தினம் நாலைந்து தேக்கரண்டி வீதம் ஆறு மாதம் சாப்பிட்டுச் சிறுநீரகம் பழுதாகிப் போனதை 2014-ல் டாக்டர்கள் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மாளும் யாரோ நல்லது என்று சொல்லித்தானே சாப்பிட்டிருப்பார்?

கோவைச் சகோதரிக்கு: அத்தையை அழைத்துக்கொண்டு போகும்போது இரண்டு சீசாவையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். அத்தை சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் சீட்டையும் மறக்காதீர்கள். பி12, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மைத்துனருக்கு வருத்தம் இல்லாமல் ஒரு வரி எழுதிவிடலாம். அவர் பாசத்தினால்தானே அனுப்பினார்? அதுவரை அடுப்பு வேலையில் அத்தைக்குத் துணையாக யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது. "உங்களால் முடியாது" என்று சொல்லிவிடாதீர்கள். "நானும் கூட இருக்கிறேன், அத்தை" என்று சொல்லுங்கள்.

காளானைச் சமைத்துச் சாப்பிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பேஷாகச் சாப்பிடலாம்; ஆட்சேபம் இல்லாத வீடுகளில். கொல்லையில் முளைத்ததைப் பறித்து அல்ல, கடையில் வாங்கி. மொட்டுக் காளான் இருட்டறையில் வளர்வதால் அதில் வைட்டமின் டி அநேகமாக இல்லை. ஆனால் அதற்கு ஒரு சாமர்த்தியம் உண்டு: நம் தோலைப் போலவே அதுவும் வெயில் பட்டால் வைட்டமின் டி தயாரித்துக்கொள்ளும். வாங்கிவந்த காளானை வில்லை வில்லையாக நறுக்கி, ஒரு தட்டில் பரப்பி, நடுப்பகல் வெயிலில் மொட்டை மாடியில் அரை மணி நேரம் வையுங்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால் பலிக்காது. பிறகு மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்குங்கள். காக்கை வராமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.